முதலாந் தரத்துத் தமிழும் பிள்ளையின் தமிழும்: சில விமர்சனக் குறிப்புகள்

ஈழத்துத் தமிழ் விமர்சனம் நாவலையும் சிறுகதையையும் கவிதையையும் நாடகத்தையும் பல கோணங்களில் நின்று ஆராய்ந்துள்ளது. பழந்தமிழ் நூல்களுக்கு உரை கண்ட மரபும் நமக்குண்டு. ஆயின், தமிழ்மொழி மூலம் கற்கும் பிள்ளைகள் அனைவரும் விதிவிலக்கின்றிக் கையிலெடுக்கின்ற முதல் நூல் விமர்சகரின் மேசைக்கு அரிதாகவே வந்திருக்கிறது. முதலாந் தரத்துத் தமிழ்ப் பாடநூலையே இங்கு குறிப்பிடுகிறேன். அந்நூலும் அதனைச் சுற்றி வகுப்பறையில் நிகழும் பேச்சுமே, தமிழ் என்றால் என்ன என்பதை ஒரு பிள்ளைக்கு முதன்முதலில் வரையறுத்துக் கொடுக்கின்றன. பிற்காலத்தில் நாம் எவ்வளவு இலக்கணம் கற்றாலும் அந்த முதல் வரையறை எளிதில் அழிந்துபோவதில்லை.

இதனை எழுத நேர்ந்தமைக்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. என் தமக்கையின் மகள் வருகின்ற தை மாதத்தில் முதலாந் தரத்திற் சேர இருக்கிறாள். தை 31 ஆந் திகதியன்று ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது விதி. சப்பாத்தும் புத்தகப் பையும் வாங்கியாயிற்று. "பள்ளிக்கூடத்திலை என்ன படிப்பிப்பினம்?" என்று அவள் கேட்டபோது வீட்டிலிருந்தோர் ஆளுக்கொரு விடை கூறினர். என் தாயார் அரிவரி என்றார். தமக்கை ஆங்கிலம் என்றார். அத்தானோ ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் பெயரைச் சொன்னார். நான் பாடத்திட்டத்தின் போக்கைத் தேடிப் பார்க்கலானேன்.

2026 ஆம் ஆண்டில் முதலாந் தரத்துக்கும் ஆறாந் தரத்துக்கும் புதிய பாடத்திட்டம் வருகின்றது என அறிவிக்கப்பட்டபோது நாடு முழுவதும் அதுவே பேச்சாயிற்று. உண்மையிற் பேசப்பட்டது ஆறாந் தரமே. அத்தரத்துக்குரிய ஆங்கிலப் பாடத்தொகுதியொன்றில் அச்சாகியிருந்த தகாத இணையத்தள முகவரியொன்று பெருஞ் சர்ச்சையைக் கிளப்ப, ஆறாந் தரத்து மாற்றம் 2027 ஆம் ஆண்டுக்குப் பின்போடப்பட்டது. முதலாந் தரத்து மாற்றமோ 2026 தை மாத இறுதியில் ஆரவாரமின்றி நடைமுறைக்கு வந்தது. ஐந்து வயதுப் பிள்ளை படிப்பதில் விவாதிக்க என்ன இருக்கிறது என்ற எண்ணமே இந்த அமைதிக்குக் காரணம் போலும்.

முதலாந் தரம் மாற்றத்துக்கு உட்படுவது இது முதற்றடவையன்று. 1972 ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் பாடசாலையிற் சேரும் வயதை ஐந்திலிருந்து ஆறாக உயர்த்தியது. தனித்தனிப் பாடங்களாக இருந்தவற்றை ஒன்றிணைத்துச் செயல்வழிக் கற்பிக்கவும் முற்பட்டது. 1977 இல் ஆட்சி மாறியதன் பின் வயது மீண்டும் ஐந்தாயிற்று. 1980 முதல் பாடநூல்கள் இலவசமாக வழங்கப்படலாயின. 1998 இல் கம்பகா மாவட்டத்திற் பரீட்சார்த்தமாகத் தொடங்கி 1999 இல் நாடெங்கும் விரிக்கப்பட்ட சீர்திருத்தமே இன்றைய ஆரம்பக் கல்வியின் அத்திவாரம் எனலாம். தாய்மொழி, கணிதம், சமயம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்னும் நான்கும், வாய்மொழி ஆங்கிலமும் அதில் இடம்பெற்றன. முதலிரு தரங்களிலும் வழிகாட்டப்பட்ட விளையாட்டுக்கே முதலிடம். அடுத்த இடம் செயற்பாட்டுக்கு. மேசைவேலை மிகக் குறைவாகவே இருத்தல் வேண்டும். அன்றியும், பிள்ளை பாடசாலைக்கு வந்த தொடக்க வாரங்களில் ஆசிரியர் எதையும் புகட்ட முற்படாது, அப்பிள்ளை எத்தகைய திறன்களுடன் வந்திருக்கிறது என்பதை முதலில் இனங்காண வேண்டும் எனவும் அச்சீர்திருத்தம் பணித்தது. இந்த இறுதிக் கூற்றை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

நான் முதலாந் தரத்திற் சேர்ந்தது 2009 ஆம் ஆண்டில். குடாநாட்டுக்கான ஏ-9 தரைப்பாதை மூடப்பட்டிருந்த காலம். 1999 ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தின் பிள்ளைகள் நாங்கள். எனினும் விளையாட்டு என்றால் ஆசிரியர் கூட்டத்துக்குப் போயிருக்கும் நேரம் என்றே நாங்கள் விளங்கிக்கொண்டிருந்தோம். மற்றைய நேரமெல்லாம் மேசைவேலைதான். முன்பள்ளியிலேயே எழுத்தெழுதப் பழக்குதல், முதலாந் தரத்திலேயே தனியார் வகுப்புக்கு அனுப்புதல், எல்லாவற்றுக்கும் மேலாகப் புலமைப்பரிசிற் பரீட்சையின் நிழல் என இதற்குரிய காரணங்கள் பலராலும் பேசப்பட்டவை. அவற்றை மீண்டும் இங்கு விரிக்க வேண்டியதில்லை. நான் கூற விழைவது வேறொன்று. 1972 இலும் 1999 இலும் 2026 இலும் மாறாத ஒன்று உண்டு. பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவரும் தமிழைப் பாடசாலை எப்படி வரவேற்கிறது என்பதே அது.

எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் வேறுபட்டவை என்பதை நாம் எல்லோரும் அறிவோம். பேர்குசன் 1959 இல் இத்தகைய நிலைக்கு ஒரு கலைச்சொல் வழங்கியபின் 'இரட்டை வழக்கு' என அதனைத் தமிழில் எழுதவும் பழகிவிட்டோம். ஆனால், ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது கலைச்சொல் அன்று. 'வாறன்' என்பது 'வருகிறேன்' ஆவதும், 'கெதியாய்' என்பது 'விரைவாக' ஆவதும், 'வடிவு' என்பது 'அழகு' ஆவதும் அதற்கு ஒருவகை இடம்பெயர்வு. இவற்றிற் பெரும்பாலானவற்றைப் பிள்ளை சில மாதங்களிற் பழகிக்கொள்கிறது. புதிய சொல் ஒன்றைக் கற்றல் பிள்ளைக்கு எளிது. தனக்குத் தெரிந்த சொல்லே வேறு பொருளில் எதிர்ப்படும்போதுதான் அது தடுமாறுகிறது.

'பேசு' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்து வீட்டில் நாம் கதைக்கிறோமேயன்றிப் பேசுவதில்லை. கலியாணம் பேசுவோம், விலை பேசுவோம். இவை தவிர, 'அம்மா பேசினவ' என்று ஒரு பிள்ளை கூறினால் அம்மா ஏசினார் என்பதே பொருள். இந்தப் பிள்ளையிடம் ஒரு படத்தைக் காட்டி, 'இதனைப் பற்றிப் பேசுவோம்' என்றால் அது என்ன விளங்கிக்கொள்ளும்? படத்திலிருக்கும் பையன் ஏதோ குழப்படி செய்துவிட்டான் என்றுதான் தேடும்.

அடுத்தது 'அவை'. 'அவை வந்தவை' என்று யாழ்ப்பாணத்திற் கூறும்போது வந்தவர்கள் மனிதர்கள், பெரும்பாலும் மரியாதைக்குரியவர்கள். எழுத்துத் தமிழிலோ அவை அஃறிணைப் பன்மை. 'அவை மாடுகள்' என்ற வாக்கியத்தை முதலில் வாசிக்கும் பிள்ளை சிரித்தால் அந்தச் சிரிப்பில் ஓர் இலக்கண அறிவு இருக்கிறது. யாரோ மனிதரை மாடுகள் என்கிறார்கள் என்று அது கருதுகிறது. சிரித்தமைக்காகப் பேச்சு வாங்குவதும் உண்டு. (இங்கு 'பேச்சு' என்பதை யாழ்ப்பாணப் பொருளிலேயே கொள்க.)

மூன்றாவது, எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது, 'உது'. பேசுவோனுக்கு அண்மையிலிருப்பது இது, கேட்போனுக்கு அண்மையிலிருப்பது உது, இருவருக்கும் சேய்மையிலிருப்பது அது. தொல்காப்பியம் சுட்டெழுத்தாக வகுத்த அ, இ, உ என்னும் மூன்றையும் இன்றளவும் அன்றாடப் பேச்சில் வழங்குவோர் நாம் எனச் சொற்பொழிவு மேடைகளிற் பெருமை பேசுவோம். தமிழகத்தார் உகரச் சுட்டை இழந்துவிட்டனர், யாழ்ப்பாணத்தவர் பேணினர் எனக் கட்டுரையும் எழுதுவோம். சென்ற ஆண்டு என் தமக்கையின் மகள் தன் முன்பள்ளியில், ஆசிரியையின் கையிலிருந்த பொருளைக் காட்டி, "உது என்ன ரீச்சர்?" என்று கேட்டிருக்கிறாள். "உது எண்டு சொல்லக் கூடாது, அது எண்டு சொல்லுங்கோ" என்று திருத்தப்பட்டாள். வீட்டுக்கு வந்து, "ரீச்சரின்ரை கையிலைதானே இருந்தது, ஏன் தூரத்திலை இருக்கிற மாதிரிச் சொல்லோணும்?" என்று என்னைக் கேட்டாள். தொல்காப்பியரும் அதையேதான் கேட்டிருப்பார் என்று அவளுக்குக் கூற முடியவில்லை.

விரிவுரை மண்டபத்திற் பழைமையின் சான்றாகக் கொண்டாடப்படும் ஒரு சொல் சிறுவர் வகுப்பிற் கொச்சை எனத் திருத்தப்படுகிறது. இம்முரண்பாட்டுக்கு ஆசிரியையைக் குறை கூறுதல் தகாது. அவருக்குக் கிடைத்த பயிற்சியில் 'உது' பற்றி யார் என்ன கூறினார்கள் என்பதே கேள்வி.

ஒலியிலும் இத்தகைய சிக்கல் உண்டு. நம் பேச்சில் ழகரமும் ளகரமும் பெரும்பாலும் ஒன்றாகிவிட்டன. வாழையும் வாளையும் காதுக்கு ஒன்றே. ஒன்று வளவில் நிற்பது, மற்றையது மீன்காரரின் கடகத்திற் கிடப்பது என்பதைப் பிள்ளை சூழலைக் கொண்டு அறிகிறது. எனவே 'மளை' என்று எழுதும் பிள்ளை பிழையாகக் கேட்கவில்லை. மிகச் சரியாகக் கேட்டு, கேட்டதை அப்படியே எழுதுகிறது. அதனைக் கவனக்குறைவு என அடித்துச் சிவப்பு மையாற் குறியிடுவதற்கும், 'நாங்கள் சொல்வது இப்படி, எழுதுவது இப்படி' என்று இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டுவதற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று.

தெரிந்த ஆசிரியை ஒருவரின் அனுமதியுடன் முதலாந் தர வகுப்பொன்றின் பின்வரிசையில் ஒரு முற்பகல் அமர்ந்திருந்தேன். படத்தைப் பார்த்துக் கூறும் பாடம். ஒரு பையன் எழுந்து, "மாடு நிக்குது" என்றான். "மாடு நிற்கிறது. எல்லாரும் சொல்லுங்கோ பாப்பம்" என்றார் ஆசிரியை. எல்லோரும் பலமுறை கூறினர். ஆசிரியையின் கட்டளை பேச்சுத் தமிழில், அவர் எதிர்பார்த்த விடை எழுத்துத் தமிழில் என்பதை அவர் கவனிக்கவில்லை. நானும் வீடு திரும்பிய பின்னரே கவனித்தேன். இடைவேளையில் அப்பையன் பக்கத்திலிருந்தவனிடம், "எங்கடை மாடு கண்டு போட்டிட்டுது, கண்டு எழும்பி நிண்டது, பிறகு விழுந்தது" என்று மூச்சுவிடாமற் கதைத்துக்கொண்டிருந்தான். நிகழ்ச்சிகள் வரிசையாக வருகின்றன, காலம் சரியாக இருக்கிறது. மொழித்திறனை அளக்க விரும்பும் ஒருவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பாடவேளையில் அவன் கூறியது இரண்டு சொற்கள் மட்டுமே.

சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பற்றியும் ஒரு வார்த்தை. குடாநாட்டில் மலை இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றைத் தவிர ஆறு என்று சொல்லவும் ஒன்றில்லை. ஆயினும் 'வீடும் சூழலும் வரைக' என்றால் நம் பிள்ளைகள் இரண்டு மலைகளையும் அவற்றிடையே சூரியனையும் கீழே வளைந்தோடும் ஓர் ஆற்றையுமே வரைகின்றனர். கிணறும் வடலியும் பூவரசம் வேலியும் சித்திரத்துக்கு உரியவை அல்ல எனப் பிள்ளை எங்கோ கற்றிருக்கிறது. சொல்லுக்கு நேர்ந்ததே கோட்டுக்கும் நேர்ந்திருக்கிறது.

இக்கருத்துக்கு எதிராகக் கூறப்படக்கூடியவற்றையும் நோக்குதல் வேண்டும். பாடநூல் நாடு முழுவதற்கும் பொதுவானது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு எழுதினால் மட்டக்களப்புப் பிள்ளைக்கு யார் எழுதுவது? மலையகப் பிள்ளைக்கும் மன்னார்ப் பிள்ளைக்கும் முஸ்லிம் பிள்ளைக்கும் தனித்தனி வழக்குகள் உள்ளன. யாழ்ப்பாணத் தமிழ் என்பதும் ஒன்றன்று. வடமராட்சிப் பேச்சும் தீவகப் பேச்சும் வேறு. சாதிக்கும் மொழிக்கும் உள்ள தொடர்பைப் பேராசிரியர் சு. சுசீந்திரராசா 1978 இலேயே ஆராய்ந்து எழுதியுள்ளார். எனவே ஒரு வழக்கைத் தெரிந்தெடுத்துப் பாடநூலில் அச்சிடுவது மற்றைய பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதியாகும். இது வலுவான வாதம். பாடநூல் பொதுத் தமிழிலேயே இருக்கட்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், நூல் எழுத்துத் தமிழில் இருப்பதனால் வகுப்பறையின் பேச்சும் எழுத்துத் தமிழில் இருக்க வேண்டும் என்பது எவ்வாறு பெறப்படும்? நூல் பொதுவானது. வகுப்பறை அவ்வூருக்கே உரியது.

பண்டித மரபு சார்ந்தோர் மற்றொன்று கூறுவர். திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதி, அரிவரியையும் நீதிநூல்களையும் நிகண்டையும் மனனம் செய்தவர்கள் தமிழில் வல்லுநராகவில்லையா? ஆகினர். ஆயின் அப்பள்ளிக்கு வந்தோர் யாவர், வராது நின்றோர் யாவர் என்னும் வினாவும் உடன் எழும். வந்தவர்களின் வெற்றியை மட்டுங் கொண்டு ஒரு முறையை மதிப்பிடலாகாது. 1816 முதல் அமெரிக்க மிஷனரிமார் இங்கு பாடசாலைகளை நிறுவினர். 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர், சிறுவருக்கெனப் படிநிலைப்படுத்திய பாலபாடங்களை உரைநடையில் எழுதி அச்சிட்டார். செய்யுளை மனனம் செய்வதே கல்வி என்றிருந்த நிலையில் அது பெரும் மாற்றம். ஒரு சமூகத்தின் போக்கை நிர்ணயிப்பது அதன் முதல் வாசிப்பு நூல் என்பதை நமது பேராசிரியர்களைவிட நாவலர் நன்குணர்ந்திருந்தார். அவர் அமைத்த உரைநடை பேச்சிலிருந்து விலகியதே. ஆனால் அவர் காலத்துத் தேவை வேறு. அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு இன்றைய பிள்ளையின் வாயை அடைத்தல் அவருக்குச் செய்யும் மரியாதையாகாது.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஈழத்து எழுத்துலகில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்தை இவ்விடத்தில் நினைவுகூர்தல் பொருந்தும். சாதாரண மக்களின் பேச்சைச் சிறுகதையிலும் நாவலிலும் கையாண்ட முற்போக்கு எழுத்தாளரைப் பண்டிதர் சிலர் இழிசனர் வழக்கைப் புகுத்துவோர் எனச் சாடினர். அதற்கு முன்பே பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சிலேயே நாடகம் எழுதிக் காட்டியிருந்தார். அப்போராட்டத்தில் யார் வென்றனர் என்பதை இன்று எந்த மாணவரும் அறிவர். டொமினிக் ஜீவாவும் டானியலும் நமது பாடவிதானத்தில் இருக்கின்றனர். ஆயினும் அவ்வெற்றி வளர்ந்தோரின் இலக்கியத்தோடு நின்றுவிட்டது. பட்டதாரி மாணவன் ஆய்வு செய்யும் ஒரு கதாபாத்திரம் 'நிக்குது' என்று கூறலாம். அக்கதாபாத்திரத்தின் பேரப்பிள்ளை முதலாந் தரத்தில் அவ்வாறு கூறினால் திருத்தப்படுகிறது. திருத்தம் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே அளவிற் பாதிப்பதுமில்லை. வீட்டில் நூல்களும் கற்ற பெற்றோரும் உள்ள பிள்ளை எழுத்துத் தமிழை முன்பே ஓரளவு கேட்டிருக்கிறது. கூலி வேலைக்கும் கடலுக்கும் போகும் பெற்றோரின் பிள்ளைக்கோ அத்திருத்தம், தன் தாயின் பேச்சே பிழை எனும் தீர்ப்பாகிறது. பின்வரிசைக்கு ஒதுங்கும் பிள்ளைகளின் மௌனத்தை மந்தம் எனப் பதிவேட்டில் எழுதுமுன் இதனையும் சிந்திக்க வேண்டும்.

பிற நாடுகளில் இதற்கு என்ன வழி கண்டனர்? நோர்வேயை எடுத்துக்கொள்வோம். நம்மவர் பலர் வாழும் நாடாதலின் அது தூரத்து உதாரணமன்று. ஊருக்கு ஊர் பேச்சு வேறுபடும் அந்நாட்டில், ஆரம்பப் பாடசாலைகளின் வாய்மொழிப் போதனை இயன்றவரை பிள்ளைகளின் சொந்தப் பேச்சிலேயே நடைபெற வேண்டும் என 1878 இல் நாடாளுமன்றம் தீர்மானித்தது. எழுதக் கற்பது பொது எழுத்து மொழியை. வகுப்பிற் கதைப்பது ஊர்ப் பேச்சில். இன்றும் அங்குள்ள பிள்ளை தன் ஊர்வழக்கிலேயே ஆசிரியருக்கு விடை கூறுகிறது. என் மாமாவின் பேரன் அங்கு பிறந்தவன். அவன் தன் நகரத்து நோர்வேஜிய மொழியை வகுப்பறையில் தடையின்றிக் கதைக்கிறான். யாழ்ப்பாணத்தில் வாழும் பிள்ளை யாழ்ப்பாணத் தமிழைக் கதைக்கத் தயங்குகிறது.

நியூசிலாந்தில் மாவோரிச் சிறுவர்க்குக் கற்பித்த சில்வியா ஆஷ்ரன் வோர்னர் 1963 இல் வெளியிட்ட 'ஆசிரியர்' என்னும் நூலில் தம் அனுபவத்தைக் கூறுகிறார். அச்சிட்ட பாலபாடத்தைப் பின்னுக்குத் தள்ளி, ஒவ்வொரு பிள்ளையிடமும் இன்று உனக்கு எந்தச் சொல் வேண்டும் எனக் கேட்டு, அச்சொல்லை அட்டையில் எழுதிக் கொடுத்தார். பிள்ளையின் அச்சத்தோடும் அன்போடும் தொடர்புடைய சொல்லை அது ஒரு தடவை பார்த்தவுடன் வாசித்தது. தொடர்பற்ற சொல்லைப் பல நாட் பயிற்றியும் மறந்தது. தமிழில் எழுத்து 247 என்பதால் இம்முறை இங்கு ஒவ்வாது எனக் கூறுவோர் இருக்கலாம். ட, ப, ம என எளிய வடிவங்களிலிருந்து தொடங்கும் முறைக்கு நியாயம் உண்டு. அதனைக் கைவிட வேண்டியதுமில்லை. எழுத்து வரிசை ஒருபுறம் நடக்க, பிள்ளையின் சொல் அட்டையில் மறுபுறம் சேரலாம். ஒன்று கைக்கு, மற்றையது மனத்துக்கு.

தொடக்க வாரங்களிற் பிள்ளையை இனங்காண வேண்டும் என்று 1999 ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் பணித்ததை மேலே குறிப்பிட்டேன். இனங்காணல் என்பதை நாம் பென்சில் பிடிக்கிறதா, நிறம் தெரிகிறதா, பத்து வரை எண்ணுகிறதா என்று சுருக்கிக்கொண்டோம். அவ்வாரங்களில் ஆசிரியர் பிள்ளைகளின் கதையைத் திருத்தாமற் கேட்டு, கேட்ட சொற்களைக் குறித்துவைத்தால் அவ்வகுப்புக்கென ஒரு சொற்கோவை உருவாகும். அதற்குப் பணம் வேண்டியதில்லை, கொழும்பிலிருந்து சுற்றறிக்கை வரவும் வேண்டியதில்லை. ஆனால், எந்தச் சொல் வழு, எது வழக்கு என ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 'உது' பிழையன்று என்பதையும், மனிதரைக் குறிக்கும் 'அவை' எங்கிருந்து வந்தது என்பதையும் யாராவது அவருக்குக் கூறியிருக்க வேண்டும்.

கூறக் கடமைப்பட்டவர்கள் நாம். பேராசிரியர் சுசீந்திரராசா முதலானோர் யாழ்ப்பாணத் தமிழின் ஒலியையும் சொல்லையும் தொடரையும் பற்றி ஆராய்ந்தவை பெரும்பாலும் ஆங்கிலத்தில், ஆய்விதழ்களில் உள்ளன. ஆசிரியர்களைப் பயிற்றும் கலாசாலையும் கல்வியியற் கல்லூரியும் இருக்கும் கோப்பாய், நமது திருநெல்வேலி வளாகத்திலிருந்து துவிச்சக்கர வண்டியிற் போய்வரக்கூடிய தூரமே. இவ்வளவு காலத்தில் அந்த ஆய்வுகளிலிருந்து முதலாந் தர ஆசிரியருக்கு உதவும் இருபது பக்கக் கைந்நூல் ஒன்றையேனும் எழுதி அங்கு கொண்டுசெல்வது நமக்குக் கடினமான காரியமா? தமிழ்ச் சங்கம் ஆண்டுதோறும் இவ்விதழை வெளியிடுகிறது. இதன் அச்சுச் செலவிற் சிறு பகுதியே அதற்குப் போதும்.

நான் என்னளவில் என் தமக்கையின் மகளிடமிருந்து சொற்களைச் சேர்க்கத் தொடங்கியுள்ளேன். இதுவரை அவள் கேட்டு எழுதுவித்த அட்டைகள் பதினொன்று. அம்மம்மா, கிணறு, முசுப்பாத்தி, நுங்கு, இருட்டு என்பன அவற்றுட் சில. பதினோராவது அட்டையில் 'உது' இருக்கிறது. தை மாதம் அதனைப் பாடசாலைக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்கிறாள்.